மலை வெங்காயம் கொள்ளிடக் கரையில் ஏன் திரள்வதில்லை?

கொள்ளிடப் படுகையில் ஜனவரியில் நட்ட நாற்று, ஏப்ரல் பிறந்தும் தாளாகவே நிற்கும். பிடுங்கிப் பார்த்தால் கழுத்து கட்டைவிரல் தடிமன், அடியில் திரட்சியே இருக்காது. உரம் போதவில்லையோ, எக்கல் மண் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று தேடுவதற்கு முன் விதைப் பாக்கெட்டை எடுத்துப் பாருங்கள். இமயமலைப் பக்கத்துக்கான, பகல் நீண்டால் மட்டுமே திரளும் நீள்பகல் ரகமாக இருந்தால் எவ்வளவு உரம் போட்டாலும் இங்கே காய் திரளாது.

வெங்காயச் செடி பகலின் நீளத்தை அளந்துதான் காய் திரட்டத் தொடங்கும். இலையிலுள்ள ஃபைட்டோகுரோம் என்ற நிறமி வெளிச்சத்தை உணர்கிறது. பகல் குறைவாக இருக்கும்வரை எஃப்டி4 என்ற மரபணு, திரளச் சொல்லும் எஃப்டி1 மரபணுவை அடக்கி வைக்கிறது. பகல் நீண்டதும் பிடி தளர்கிறது. குறும்பகல் ரகங்களுக்கு 11 முதல் 12 மணி நேரப் பகல் போதும். பிரவுன் ஸ்பானிஷ் போன்ற நீள்பகல் ரகங்களுக்கு 14 மணி நேரமாவது வேண்டும். ஸ்ரீநகரும் லடாக்கின் லேயும் சுமார் 34 டிகிரி வடக்கில் இருப்பதால் ஜூனில் அது கிடைத்துவிடும். தஞ்சாவூரில் ஆண்டின் மிக நீண்ட பகலே ஏறத்தாழ 12¾ மணி நேரம்தான்.

ஒரு வெங்காயத்தை நெடுக்காக நறுக்கினால் இந்தக் கணக்கு கண்ணுக்கே தெரியும். வெளி வளையங்கள் ஒவ்வொன்றும் ஒரு தாளின் அடிப்பகுதி. மேலே போய்க் கழுத்தில் சேரும். நடுவில் உள்ள சில செதில்களுக்குத் தாளே கிடையாது. பகல் நீண்டுவிட்டது என்ற சமிக்ஞை கிடைத்த பிறகு செடி புதுத் தாள் விடுவதை நிறுத்திவிட்டு, சர்க்கரையை அடியில் சேமித்ததன் அடையாளம் அது. ஆகவே சமிக்ஞைக்கு முன் எத்தனை தாள் வந்ததோ அதைப் பொறுத்தே காயின் பருமன். நம் குறும்பகல் ரகத்தைக் காஷ்மீரில் மே மாதம் நட்டால், நான்கைந்து தாள் இருக்கும்போதே திரண்டு நெல்லிக்காய் அளவில் முடிந்துவிடும்.

மலை என்றதும் உயரம், வடக்கே தள்ளி இருப்பது என்ற இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். உதகை 2,240 மீட்டர் உயரம். ஆனாலும் அங்கே பகல் தஞ்சாவூரைப் போலத்தான், சில நிமிடமே வித்தியாசம். உயரம் பகலை நீட்டாது, குளிரைத்தான் கூட்டும். அதனால் அங்கும் குறும்பகல் ரகமே வேண்டும். அதிலும் எளிதில் பூக்காததாகப் பார்க்க வேண்டும். தண்டு பென்சில் தடிமனை எட்டிய செடி சில வாரம் 10 டிகிரிக்குக் கீழான குளிரில் நின்றால் பூத்தண்டு விடும். காயின் நடுவே கட்டைத் தண்டு ஓடிவிட்டால் இருப்பு வைக்க முடியாது. குளிர் வரும்போது நாற்று மெலிதாக இருக்குமாறு விதைப்பதே அங்கே தற்காப்பு.

டெல்டாவில் அந்தக் குளிர் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மழைதான் எதிரி. பல்லாரி (பெரிய வெங்காயம்) போடுபவர்கள் நவம்பர் கடைசியில் மேட்டுப்பாத்தியில் விதைத்து, 45 நாள் நாற்றை மழை ஓய்ந்த ஜனவரியில் வரிசைக்கு வரிசை 15, செடிக்குச் செடி 10 சென்டிமீட்டரில் நடலாம். சம்பா அறுத்த களி வயலைவிடப் படுகை மண் நல்லது. களியில் நீர் தேங்கினால் அடி அழுகும். புது ரகத்தை முதல் வருடமே முழு வயலில் போடாதீர்கள். 10 கிராம் விதையில் 2,500க்குக் குறையாத மணி இருக்கும், சோதனைக்கு அது தாராளம். வெங்காய விதை ஒரே வருடத்தில் வீரியம் இழக்கும். 100 மணியை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். பத்து நாளில் 70க்குக் குறைவாக முளைத்தால் அந்த விதை வேண்டாம்.

நட்ட 70ஆம் நாள் பத்துச் செடியைப் பிடுங்கி, அடியின் அகலத்தைக் கழுத்தின் அகலத்தால் வகுங்கள். 2 தாண்டினால் திரளத் தொடங்கிவிட்டது. பிந்திப் போட்ட யூரியாவும் திரள்வதைத் தள்ளிப்போடும். 2 தாண்டவில்லை, யூரியாவும் 45 நாளுக்குப் பின் போடவில்லை என்றால் ரகம்தான் தவறு. காத்திருந்து பயனில்லை, தாள் இளசாக இருக்கும்போதே கட்டுக் கட்டி வெங்காயத்தாளாகச் சந்தைக்கு அனுப்பிவிடுங்கள்.