வீட்டில் பழைய இந்தியக் கட்டாரி இருந்தால்: துடைப்பதற்கும் பரிசளிப்பதற்கும் முன் தெரிந்திருக்க வேண்டிய சட்டம்

திருகோணமலையில் பழைய குடும்பம் ஒன்றின் பெட்டகத்துக்குள் இந்தியக் கட்டாரியோ (கைப்பிடி அலகுக்குக் குறுக்காக அமைந்த குத்துவாள்), பிடியில் பொன்வேலை செய்த குத்துவாளோ கிடந்தால் வியப்பில்லை. இது துறைமுக ஊர். எதிர்க்கரையான இந்தியாவோடு தோணிப் போக்குவரத்து பல தலைமுறைகளாக நடந்திருக்கிறது. 1795 இல் ஒல்லாந்தரிடமிருந்து கோட்டையைப் பிடிக்க வந்த பிரித்தானியப் படையோடு சென்னைப் பக்கத்துச் சிப்பாய்களும் வந்திறங்கினார்கள். அப்படி வந்த ஆயுதம் ஒன்றைத் துப்புரவாக்கி மருமகனுக்கோ, வெளிநாட்டிலிருக்கும் பிள்ளைக்கோ கொடுக்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். கொடுக்கலாம். ஆனால் யாருக்கு, எங்கே, என்ன நிலையில் கொடுக்கிறீர்கள் என்பதைப் பொறுத்துச் சட்டம் மாறுகிறது.

முதலில் ஒரு பொதுவான தவறான எண்ணத்தைச் சொல்லிவிடுகிறேன். "இது இந்தியாவில் செய்த கத்தி, இலங்கைத் தொல்பொருள் சட்டம் இதைக் கேட்காது" என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியில்லை. 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருட்கள் கட்டளைச் சட்டம், இலங்கையில் இருக்கும் அல்லது கண்டெடுக்கப்படும் பொருட்களைப் பற்றிப் பேசுகிறது. அந்தப் பட்டியலில் நாணயம், நகை, கருவி ஆகியவற்றோடு ஆயுதங்களும் உண்டு. எந்த ஊர்க் கொல்லன் அடித்தான் என்பது அங்கே கேள்வியே இல்லை. காலம்தான் கேள்வி. 1815 மார்ச் 2 க்கு முந்தியது, அல்லது முந்தியதென்று நியாயமாக நம்பத்தக்கது என்றால் அது தொல்பொருள். கண்டி ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது.

அதற்குப் பிந்தியது என்றாலும் விட்டுவிட முடியாது. பண்பாட்டுப் பொருட்கள் நாட்டைவிட்டு வெளியே போவதைக் கட்டுப்படுத்த 1988 இல் 73 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. ஆகவே நூறு வயதைத் தாண்டிய எந்தக் கத்தியையும், விசாரிக்காமல் கப்பலிலோ விமானத்திலோ ஏற்றக்கூடாத பொருளாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வேறுபாடும் முக்கியம். தாத்தா வழியாக வந்த கத்தி வேறு, கிணறு வெட்டும்போதோ அத்திவாரம் தோண்டும்போதோ மண்ணுக்குள்ளிருந்து வந்த கத்தி வேறு. மண்ணுக்குள் கிடைத்த தொல்பொருள், காணி உங்களுடையது என்பதால் மட்டும் உங்களுடையதாகிவிடாது. சட்டப்படி அது அரசின் உடைமை. உடனே அறிவிக்க வேண்டும். தொல்பொருள் திணைக்கள அலுவலகத்துக்குச் சொல்லலாம், அல்லது பக்கத்துப் பொலிஸ் நிலையத்துக்குப் போகலாம். கிராம சேவகரிடம் கேட்டாலும் வழி சொல்வார். அதைக் கழுவவோ கறள் சுரண்டவோ வேண்டாம், கிடந்த இடத்தைப் படமெடுத்து வையுங்கள். மறைத்து வைப்பது, விற்பது எல்லாம் குற்றம். 1998 ஆம் ஆண்டுத் திருத்தம் தண்டனைகளைக் கடுமையாக்கியது.

சரி, உங்களுடையது பரம்பரைக் கத்திதான் என்று வைத்துக்கொள்வோம். இப்போது துடைப்பதற்கு வருவோம். சட்டத்தைவிட இங்கேதான் அதிகம் பாழாகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

வீட்டில் குத்துவிளக்குத் துலக்குவதுபோலப் புளி போட்டுத் தேய்க்கிறார்கள். புளியிலுள்ள அமிலம் உருக்கை அரிக்கும். திருநீறோ சாம்பலோ போட்டுத் தேய்த்தால், பிடியில் இழைத்த மெல்லிய பொற்கம்பி வேலை நாளடைவில் வழித்துக்கொண்டு போய்விடும். எல்லாவற்றையும்விட மோசம், பட்டறைக்குக் கொண்டுபோய்க் கிரைண்டரில் பிடித்துப் பளபளக்க வைப்பது. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மூசையில் உருக்கிச் செய்த உயர்தர உருக்கால் அடித்த அலகுகளில், நீரலை போன்ற கோலம் ஒன்று மேற்பரப்பில் ஓடும். ஒரு தடவை கிரைண்டரில் பிடித்தால் அது மறைந்துவிடும். அந்தக் கோலமும், கொல்லனின் முத்திரையும், பழைய கபில நிறப் படலமும்தான் தொல்பொருள் அலுவலர் காலத்தைக் கணிக்கும் சாட்சிகள். அவற்றை அழித்துவிட்டால் கத்தி பழையது என்றும் நிறுவ முடியாது, புதியது என்றும் நிறுவ முடியாது.

தஞ்சைப் பக்கத்துக் கட்டாரிகளில் ஐரோப்பிய அலகைப் பொருத்திய வழக்கமும் உண்டு. அலகில் அந்நிய எழுத்து இருப்பதைக் கண்டு "இது போலி" என்று அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். தஞ்சை அரண்மனை ஆயுதசாலையிலிருந்து வந்தவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கின்றன; பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் ஒப்பிட்டுப் பாருங்கள்.

செய்யத்தக்கது மிகக் குறைவு. பருத்தித் துணியால் தூசியைத் துடையுங்கள். கருங்கபிலமாக இறுகிப்போன பழைய கறளை அப்படியே விடுங்கள். செம்மஞ்சள் பொடியாக உதிரும் கறள்தான் உயிரோடு இருக்கும் கறள், அதாவது இன்னும் அரித்துக்கொண்டிருக்கும் கறள். அதை மெல்லிய இயந்திர எண்ணெயில் ஊறவைத்து, மூங்கில் குச்சியால் மெதுவாகக் கிளறி எடுக்கலாம். பிறகு மிக மெல்லிதாக எண்ணெயோ மெழுகோ பூசுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம், அது சிக்குப் பிடித்து ஈரத்தைச் சேர்க்கும். வெந்நீரிலும் வெயிலிலும் வைக்க வேண்டாம். பல இந்தியப் பிடிகளுக்குள் அலகைப் பிடித்து வைத்திருப்பது அரக்கு, சூட்டில் அது இளகிவிடும்.

கடற்காற்றில் வரும் உப்பு நம் ஊரின் தனிப் பிரச்சினை. மாரி காலத்தில் அலகில் சின்னச் சின்ன ஈரத்துளிகள் வியர்த்திருந்தால், உப்பு உள்ளே புகுந்து அரித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதை வீட்டில் சரிசெய்ய முயலாமல் பயிற்சி பெற்ற ஒருவரிடம் காட்டுங்கள். தோலுறைக்குள் அலகைச் செருகி வைப்பதும் கெடுதல். உறையையும் அலகையும் தனித்தனியே வையுங்கள். 1815 க்கு முந்தியதாக இருக்கலாம் என்ற ஐயம் இருந்தாலே, இந்த மேலோட்டமான பராமரிப்பைத் தாண்டிய எந்த வேலைக்கும் முன்னர் திணைக்களத்தாரிடம் கேட்டுவிடுவதுதான் நல்லது.

இனிப் பரிசு. நாட்டுக்குள்ளே உறவினருக்கோ நண்பருக்கோ பரம்பரைக் கத்தியைக் கொடுப்பதில் பெரிய சிக்கல் இல்லை. தொல்பொருள் வியாபாரம் செய்வது வேறு, அதற்கு அனுமதிப் பத்திரம் வேண்டும். கொடுக்கும்போது ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள்: யாரிடமிருந்து வந்தது, எவ்வளவு காலமாகக் குடும்பத்தில் இருக்கிறது, நீள அகலம், நான்கு பக்கப் படங்கள், இருவர் சாட்சிக் கையெழுத்து. பஸ்ஸில் கத்தியோடு போகும் பெறுநரைப் பொலிஸ் மறித்தாலும் அந்தக் கடிதம் பேசும். கோயிலுக்குக் கொடுத்தால் பரிபாலன சபையின் பற்றுச்சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டுக்கு அனுப்புவதாக இருந்தால் முதலில் தொல்பொருள் திணைக்களம், பிறகுதான் பார்சல். தொல்பொருள் என்றால் பணிப்பாளர் நாயகத்தின் அனுமதிப் பத்திரம் இல்லாமல் ஏற்றுமதி செய்ய முடியாது. தொல்பொருள் அல்ல என்று அவர்கள் பார்த்துச் சொன்னால், அதை எழுத்தில் வாங்கிச் சுங்கத்தில் காட்டுங்கள். பிடி யானைத் தந்தமாக இருந்தால் இன்னொரு சட்டமும் சேர்ந்துகொள்ளும். ஆசிய யானை 1975 முதல் அழிவாபத்து உயிரினங்கள் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் முதலாம் பின்னிணைப்பில் இருக்கிறது. தாளில்லாத தந்தத்தை எந்த விமான நிலையத்திலும் பறிமுதல் செய்வார்கள்.

இந்தியாவுக்குப் போய் வாங்கி வருவோருக்கும் ஒரு சொல். அங்கே 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத பொருள் தொல்பொருள்; மத்திய அரசோ அது அதிகாரம் கொடுத்த முகவரகமோ தவிர வேறு யாரும் அதை ஏற்றுமதி செய்ய முடியாது. கடைக்காரர் "இருநூறு வருஷப் பழசு" என்று சொல்வது உண்மையானால் நீங்கள் கொண்டுவருவது குற்றம், பொய்யானால் ஏமாறுகிறீர்கள். புதிதாகச் செய்ததுதான் என்றால், தொல்பொருள் அல்ல என்ற சான்றை இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையிடம் பெறலாம்.

போய்ச் சேரும் நாட்டின் சட்டத்தையும் பாருங்கள். அலகுக்குக் குறுக்காகப் பிடி அமைந்த கத்தியைக் கனடா தடைசெய்யப்பட்ட ஆயுதமாக வைத்திருக்கிறது, கட்டாரியின் அமைப்பும் அதுதான். ஆகவே டொரொண்டோவிலிருக்கும் மகனுக்கு அனுப்ப நினைத்தால், அந்த நாட்டு எல்லைச் சேவையிடம் அவரே முதலில் எழுதிக் கேட்கட்டும். பிரித்தானியாவில் தடைப்பட்டியலில் உள்ள கத்திவகைகளுக்கு, செய்து நூறு ஆண்டு கடந்தவை என்றால் விலக்கு உண்டு. அதை நிறுவ வேண்டியவர் வைத்திருப்பவர். அங்கேயும் அந்தக் குடும்பக் கடிதமும், தேய்க்காமல் விட்ட அலகும் உதவும்.