அண்ணப்பிளவு: ஓட்டை மூடினால் மட்டும் போதுமா?

அண்ணத்தில், அதாவது வாயின் மேற்கூரையில், பிளவோடு பிறந்து அறுவை முடிந்த நாலு வயதுப் பிள்ளையோடு வரும் பெற்றோர் பலரும் சொல்வது இதுதான்: “ஓட்டையை அடைச்சாச்சு டாக்டர், ஆனா பேச்சு இன்னும் மூக்காலதான் வருது.” வாயைத் திறந்து பார்த்தால் தையல் நன்றாக ஆறியிருக்கும். ‘பாப்பா’ சொல்லச் சொன்னால் ‘மாம்மா’ மாதிரி கேட்கும். ‘காக்கா’வில் ‘க’ தொண்டையிலேயே நின்றுவிடும்.

அண்ணத்தின் பின்பகுதியான மென் அண்ணத்துக்குள் ஒரு தசை இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேர்கிறது. பேசும்போது அண்ணத்தைத் தூக்கி மூக்குப் பாதையை அடைப்பது அதன் வேலை. பிளவோடு பிறந்த குழந்தைக்கு அந்தத் தசை நடுவில் சேராமல், முன்னோக்கிப் போய், முன்பகுதியான கடின அண்ணத்தின் எலும்பு விளிம்பில் ஒட்டியிருக்கும். அதை விடுவித்து, பின்னால் தள்ளி, குறுக்காகத் திருப்பித் தைக்க வேண்டும். அண்ண அறுவை சிகிச்சையின் உயிரே இதுதான். மேல்தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் ஓட்டை மூடும், அண்ணம் அசையாது.

1861-இல் ஜெர்மன் அறுவை மருத்துவர் லாங்கன்பெக் காட்டிய வழியில், பக்கவாட்டில் கீறி அண்ணத் திசுவை எலும்பிலிருந்து எழுப்பி நடுவுக்குக் கொண்டுவருவது இன்றும் பல முறைகளுக்கு அடிப்படை. அமெரிக்க அறுவை மருத்துவர் ஃபர்லோ 1986-இல் வெளியிட்ட முறையில், வாய்ப்பக்கம் ஒன்றும் மூக்குப்பக்கம் எதிர்த்திசையில் ஒன்றுமாக இரண்டு ‘இசட்’ (Z) வடிவ வெட்டுகள். அண்ணம் நீளும், தசையும் சரியான திசைக்கு வரும். குறுகிய பிளவுக்கு எனக்கு இதுவே பிடித்த முறை. அகலமான பிளவில் தையலில் இழுவை அதிகமாகிவிடும் என்பதால், இரு பக்கத் திசுவையும் மடல்களாக எழுப்பி நடுவில் சேர்க்கும் இரண்டு மடல் முறையோடு தசையைத் தனியாக இணைக்கிறேன்.

இழுவைதான் பெரிய எதிரி. தையல் பிரிந்து துளை விழுவது பெரும்பாலும் கடின அண்ணமும் மென் அண்ணமும் சேரும் இடத்தில்தான். பால் மூக்கில் வந்தால் பதற வேண்டாம், உடனே மறுபடி தைக்கவும் அவசரப்படுத்தாதீர்கள். திசு இளக ஆறு மாதமாவது வேண்டும். தொந்தரவு தராத சிறு துளையை அப்படியே விட்டுவிடலாம். முதல் இரண்டு மூன்று வாரம் கஞ்சி, கூழ் மாதிரி மென்மையான உணவு, சாப்பிட்டதும் கொஞ்சம் தண்ணீர். முறுக்கு, பிஸ்கட் கூடாது, விரலும் வாய்க்குள் போகக் கூடாது.

உடனே கவனிக்க வேண்டியவை வேறு. அறுவை முடிந்த முதல் நாளில் குழந்தை அடிக்கடி விழுங்கிக்கொண்டே இருந்தால் ரத்தம் கசிகிறதா என்று நர்ஸைக் கூப்பிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தாடை சிறுத்துப் பிறந்த குழந்தைக்கு மூச்சுத் திணறல் வரலாம், கூடுதல் கண்காணிப்பு கட்டாயம்.

எப்போது செய்வது? அண்ணத்தில் மட்டும் பிளவுள்ள குழந்தைகளை வைத்து ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் நடந்து 2023-இல் வெளியான ஆய்வில், 6 மாதத்தில் அறுவை செய்தவர்களில் 8.9 சதவீதம் பேருக்கும், 12 மாதத்தில் செய்தவர்களில் 15 சதவீதம் பேருக்கும் ஐந்து வயதில் மூக்குப் பாதை சரியாக மூடவில்லை. எடை கூடாத குழந்தைக்கும், மயக்க மருந்து தருவது சிரமமான குழந்தைக்கும் காத்திருக்கத்தான் வேண்டும். ஆனால் “பிள்ளை கொஞ்சம் பெரிசாகட்டும்” என்று மூன்று வயது வரை தள்ளுவது பேச்சுக்குக் கெடுதல்.

அப்புறம் காது. இந்தக் குழந்தைகளுக்கு நடுக்காதில் நீர் தேங்குவது மிக அதிகம். அண்ணம் ஆறிய பிறகும் காது கேட்கும் திறனைப் பரிசோதித்துக்கொண்டே இருங்கள். வீட்டில் ‘பாப்பா’ சொல்லும்போது மூக்குக்குக் கீழே சின்னக் கண்ணாடியைப் பிடித்துப் பாருங்கள். ஆவி படிந்தால், பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். பயிற்சியால் தீராததற்கு இன்னொரு அறுவை உண்டு. பள்ளியில் சேர்க்கும் வயதுக்கு முன்பே வந்துவிடுங்கள்.