இன்சுலேஷன்: ஒரு சொல், இரண்டு காப்பு

கனடாவில் பாட் லைட், அமெரிக்காவில் கேன் லைட், ஆஸ்திரேலியாவில் டவுன்லைட். பெயர் எதுவானாலும், உட்கூரையில் துளையிட்டு உள்ளே பதிக்கும் அந்த விளக்கின் கூட்டில் ஒரு சிறு தாள் ஒட்டியிருக்கும். வட அமெரிக்காவில் விற்கும் கூடுகளில் முதலில் தேட வேண்டியது ‘ஐசி’ என்ற இரண்டெழுத்தை. ‘இன்சுலேஷன் கான்டாக்ட்’ என்பதன் சுருக்கம் அது. குளிருக்காக மேலே பரப்பிய பஞ்சு போன்ற இன்சுலேஷன் கூட்டைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் தீங்கில்லை என்று பொருள்.

இலத்தீனில் ‘இன்சுலா’ என்றால் தீவு. ஒன்றைச் சுற்றியிருப்பவற்றிலிருந்து பிரித்துத் தீவாக்குவதே இன்சுலேஷனின் மூலப்பொருள். 18ஆம் நூற்றாண்டில் மின்சாரத்தை ஆராய்ந்தவர்கள் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். பிறகு வெப்பத்துக்கும் ஒலிக்கும் அதுவே பரவியது. கணையத்தில் திட்டுத் திட்டாகக் கிடக்கும் செல்களில் சுரக்கும் இன்சுலினுக்கும் இதே வேர்தான்.

தமிழ் தீவைத் தேடிப் போகவில்லை. ‘கா’ என்ற வினையிலிருந்து காப்பு என்று எடுத்துக்கொண்டது. நூலின் முகப்பில் காப்புச் செய்யுள் பாடியவர்களுக்கும், திருவிழாவுக்குக் காப்புக் கட்டுபவர்களுக்கும் இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் ஒரு தலைமுறை ‘அரிதிற்கடத்தி’ என்று படித்தது. இலங்கையில் ‘காவலி’ என்கிறார்கள். செயலுக்குக் காப்பு, பொருளுக்குக் காவலி என்று இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பேன். காவலி அவ்வளவு நல்ல சொல்.

ஆனால் வெறும் ‘காப்பு’ போதாது. கம்பியின்மேல் இருக்கும் பிவிசி உறை மின்காப்பு. கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவே குளிருக்காகப் பரப்பும் கண்ணாடி இழைப் பஞ்சும், பழைய காகிதத்தை அரைத்து போரான் உப்பு சேர்த்த செல்லுலோஸும் வெப்பக்காப்பு. ஆங்கிலத்தில் இரண்டும் இன்சுலேஷன்தான். உட்கூரையிலோ ஒன்று மற்றொன்றுக்குப் பகையாகிவிடுகிறது. 65 வாட் பழைய குண்டு பல்பு வாங்கும் மின்சாரத்தில் பெரும்பகுதி வெப்பமாகவே போகிறது. அந்த வெப்பம் மேலே கலைந்து போக வேண்டும். பஞ்சு போர்த்திவிட்டால் போக வழியில்லை. கூடு கொதிக்கிறது, நாளடைவில் கம்பியின் உறை இறுகி, வெடித்து, உதிர்கிறது. வெப்பக்காப்பு மின்காப்பைத் தின்றுவிடுகிறது. பக்கத்திலேயே மரச்சட்டமும் இருக்கிறது.

அமெரிக்காவில் பல விளக்குகளோடு வரும் எச்சரிக்கை, 1985க்கு முன் கட்டிய வீடுகளைத் தனியாகக் குறிப்பிடுகிறது. அக்காலத்து வீட்டுக் கம்பிகளின் உறை பெரும்பாலும் 60 டிகிரி செல்சியஸ் வரைதான் தாங்கும். புதிய விளக்குகள் 90 டிகிரி தாங்கும் கம்பி கேட்கின்றன. பழைய வீட்டில் விளக்கை மட்டும் புதிதாக மாற்றுபவர்கள் இந்த வரியைத் தாண்டிப் போகக் கூடாது.

ஐசி இல்லாத கூட்டுக்கு அமெரிக்க மின்விதி வகுத்த இடைவெளி தெளிவானது: வெப்பக்காப்பு 3 அங்குலம், அதாவது சுமார் 75 மில்லிமீட்டர், தள்ளியிருக்க வேண்டும், மரம் போன்ற எரியும் பொருள் அரை அங்குலம். கூட்டின் மேற்புறத்தையும் மூடக் கூடாது. பாயாக வரும் பஞ்சு வெட்டிய இடத்தில் நிற்கும். ஊதிப் பரப்பும் செல்லுலோஸ் அப்படியில்லை, சரிந்து வந்து கூட்டைச் சூழ்ந்துகொள்ளும். சுற்றிலும் தடுப்பு கட்டாமல் அதை ஊதவே கூடாது.

எரிந்துகொண்டிருக்கும் விளக்கு தானாக அணைந்து, சற்று நேரம் கழித்துத் தானாக எரிகிறதா? பல்பைக் குறை சொல்லி மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர். கூட்டுக்குள் இருக்கும் வெப்பத் தடுப்பான் சூடு மிஞ்சும்போது மின்சாரத்தைத் துண்டிக்கிறது, ஆறியதும் விடுகிறது. அளவுக்கு மிஞ்சிய வாட் பல்பைப் போட்டிருக்கலாம், அல்லது மேலே பஞ்சு மூடியிருக்கலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு இரண்டையும் பார்க்க வேண்டும்.

எல்இடி வந்தபின் வெப்பம் வெகுவாகக் குறைந்துவிட்டது. 10 வாட்டில் அதே வெளிச்சம் கிடைக்கிறது. ஆனாலும் அதற்கு ஏற்றபடி மின்சாரத்தை மாற்றித் தரும் ‘டிரைவர்’ என்ற மின்சுற்று சூட்டில் சீக்கிரம் கெடும். ஐசி இல்லாத பழைய கூட்டில் எல்இடி பல்பைத் திருகிவிட்டதால் கூடு ஐசி ஆகிவிடுவதும் இல்லை. அடுத்து குடிவருபவர் மறுபடி குண்டு பல்பைப் போடலாம்.

இனி, பெயர். ஆங்கிலத்தில் இந்த விளக்குக்கு ‘ரிசெஸ்டு லைட்’ என்று பொதுப்பெயர். ரிசெஸ் என்றால் உள்வாங்கிய குழி. சுவரில் அகல் வைக்கும் மாடக்குழியும் ஒரு ‘ரிசெஸ்’தான். ஆனால் மாடம் சுவருக்கு உரியது. மாடிக்கும் அந்தப் பெயர் உண்டு. எனவே ‘உட்பதி விளக்கு’ என்பதே குழப்பமில்லாதது. ஐசி என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்து ‘காப்புத் தொடர்பு’ என்றால் யாருக்கும் ஒன்றும் விளங்காது. ‘வெப்பக்காப்பு படலாம்’, ‘வெப்பக்காப்பு படக் கூடாது’ என்று இரண்டே வகையாக எழுதினால் ஏணியில் நிற்பவருக்குப் புரியும். தாள் கிழிந்து, எழுத்து அழிந்து போயிருந்தால், படக் கூடாதது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.