கலோரி இலக்கா, நாட்படியா?

என் மதினி பாம்பனில் இருக்கிறார். உடம்பைக் குறைப்பதற்காக போனில் சாப்பிடும் கலோரியைக் கணக்குப் பார்க்கும் ஒரு செயலி வைத்திருக்கிறார். ஒருநாள் ராத்திரி ஒன்பது மணிக்கு அழைத்து, "தம்பி, இலக்கு 1400னு போட்டிருக்கு. 1100தான் ஆயிருக்கு. பசியே இல்ல, ஆனா 300 பாக்கி நிக்குதே, எதைத் தின்னு நிரப்புறது?" என்று கேட்டார். அதே வாரம் கீழக்கரையில் கடை வைத்திருக்கும் நண்பர், "எனக்கு 1600. நான் 800லயே முடிச்சிட்டேன்ல" என்று பெருமைப்பட்டுக்கொண்டார். மதினிக்கு இலக்கு என்றால் எட்டிப் பிடிக்க வேண்டியது. நண்பருக்கு அது முந்திப்போய் ஜெயிக்க வேண்டியது. இருவரையும் குழப்பியது அந்த ஒரு சொல்தான்.

முதலில் கலோரியைப் பார்த்துவிடுவோம். லத்தீனில் 'கலோர்' என்றால் வெப்பம். அதிலிருந்து இதை ஓர் அளவாகப் பயன்படுத்தியவர் நிக்கோலா கிளெமான். 1819க்கும் 1824க்கும் இடையில் பாரிஸில் வெப்ப எந்திரங்களைப் பற்றி இவர் பாடம் நடத்தினார். ஒரு கிலோ தண்ணீரின் வெப்பநிலையை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்த்தத் தேவையான வெப்பம் அவர் கணக்கில் ஒரு கலோரி. பின்னால் வந்தவர்கள் கிலோவைக் கிராமாக்கி இன்னொரு கலோரியையும் உண்டாக்கிவிட்டார்கள். பள்ளி இயற்பியலில் நாம் படித்தது இந்தச் சின்னக் கலோரியை. பிஸ்கட் உறையில் 'கிலோ கலோரி' என்று போட்டிருப்பது பெரியது. சாப்பாட்டுப் பேச்சில் நாம் வெறுமனே கலோரி என்பதும் அந்தப் பெரியதைத்தான். 2000 கலோரி இருந்தால் 30 டிகிரியில் இருக்கும் தண்ணீரில் ஏறக்குறைய 28 லிட்டரைக் கொதிநிலைக்குக் கொண்டுவந்துவிடலாம். ஒரு நாள் சாப்பாட்டுக்குள் கிட்டத்தட்ட இரண்டு குடம் வெந்நீர்!

அதைச் சாப்பாட்டுத் தட்டுக்குக் கொண்டுவந்ததில் பெரும்பங்கு அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டருக்கு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆளையே ஓர் அறைக்குள் இருக்க வைத்து, உடம்பு வெளிவிடும் வெப்பத்தை அளந்தார். மாவுச்சத்து கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றும் போடும் கணக்கு அவர் வழி வந்தது.

கலோரி வெப்பம்தான், ஆனால் நம் ஊர் 'சூடு' இல்லை. இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நம் முண்டு மிளகாய் நாக்கை எரிக்கும், 'உடம்புக்குச் சூடு' என்பார்கள். குழம்புக்குப் போடும் அளவில் அதன் கலோரி ஒன்றுமே இல்லை. தேங்காய்ப்பாலைக் குளிர்ச்சி என்போம். அதன் கலோரியில் பெரும்பகுதி கொழுப்பிலிருந்து வருவது. கீழக்கரைத் துதல் என்ற இனிப்பைக் கிண்டுவதே அரிசி மாவு, தேங்காய்ப்பால், கருப்பட்டி கொண்டுதான். கருப்பட்டி உடம்புக்கு நல்லது என்று சொல்லிக்கொண்டே நான்கு துண்டு தின்றவன் நான். சர்க்கரைக்குரிய கலோரி கருப்பட்டிக்கும் உண்டு.

சரி, தமிழில் என்ன சொல்வது? கலோரி ஓர் அலகின் பெயர். மீட்டர், லிட்டர் போல அது அப்படியே இருக்கட்டும். 'வெப்ப அலகு' என்றால் எந்த அலகு என்ற கேள்வி வரும். ஜூலும் வெப்ப அலகுதான். என் சண்டை 'இலக்கு' என்ற சொல்லோடு. இலக்கு, வில்லாளி குறிபார்ப்பது. அம்பு பட்டால் வெற்றி, படாவிட்டால் தோல்வி. அன்றாடம் சாப்பிடுவதற்கு இப்படி ஒரு குறி எதற்கு? 'வரம்பு' என்றால் பாதி சரி. மேலே போகாதே என்கிறது, கீழே எதுவரை போகலாம் என்று சொல்வதில்லை.

நமக்கு ஒரு சொல் இருக்கிறது: படி. அரிசி அளக்கும் படி. ஆழாக்கு என்றால் அரைக்கால் படி, உழக்கு கால் படி, உரி அரைப் படி. நாழி என்பதும் இதுவே. அளக்கும் பாத்திரத்தின் பெயரே ஒருவருக்கு அளந்து கொடுக்கும் பங்குக்கும் ஆகிவந்தது. அகவிலைப்படி, பயணப்படி என்று அரசு ஊழியர் வாங்குவதெல்லாம் இந்தப் படிதான். மார்கழித் தேய்பிறை அட்டமியில் ராமேஸ்வரத்தில் சுவாமியும் அம்பாளும் வீதி வருவது எல்லா உயிருக்கும் படியளக்க. எறும்புக்கும் உண்டு, யானைக்கும் உண்டு. ஆனால் ஒரே அளவு இல்லை. 'உண்பது நாழி' என்று புறநானூறு அரசனுக்கும் வேட்டுவனுக்கும் ஒரே படியை அளந்தது வேறு கருத்துக்காக. எடை குறைக்க வருகிறவருக்கு அது உதவாது. ஆளுக்கு ஆள் படி மாறும்.

அதனால் நான் 'நாட்படி' என்கிறேன். படி என்றால் அதை நிரப்பியே தீரவேண்டும் என்பதும் இல்லை, பட்டினி கிடந்து மிச்சம் பிடிக்கவேண்டும் என்பதும் இல்லை. உனக்கு உரியது இவ்வளவு, அவ்வளவுதான்.

மதினிக்கு எப்படி அளந்தோம் என்று சொல்கிறேன். வயது 38, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. 1990 முதல் புழக்கத்தில் இருக்கும் மிஃப்ளின் சூத்திரப்படி எடையைப் பத்தால் பெருக்கு, உயரத்தை 6.25ஆல் பெருக்கிக் கூட்டு, வயதை ஐந்தால் பெருக்கிக் கழி. பெண் என்றால் இன்னும் 161 கழி, ஆண் என்றால் 5 கூட்டு. மதினிக்கு 1300 வந்தது. சும்மா படுத்திருந்தாலே உடம்புக்கு வேண்டியது இது. வீட்டு வேலை, மீன் கடைக்கு நடை என்று லேசான உழைப்புக்காக 1.375ஆல் பெருக்கினால் 1785 ஆகும். எடை ஏறாமல் இறங்காமல் நிற்கும் படி இது. மண்டபம் ஊரில் பாசி எடுக்கக் கடலில் இறங்கும் பெண்ணுக்கு அந்தப் பெருக்கல் எண் 1.7ஐத் தாண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

1785இல் 385 கழித்தால் 1400. ஒரு கிலோ உடல் கொழுப்பு ஏறக்குறைய 7700 கலோரி. ஆக, வாரத்துக்கு 350 கிராம் இறங்க வேண்டும். நிஜத்தில் கொஞ்சம் குறைவாகவே இறங்கும், முதல் வாரம் மட்டும் தண்ணீர் எடை போய் ஏமாற்றும். நாளைக்கு 500 வரை கழிக்கலாம் என்பது பொது வழக்கம். ஆனால் மருத்துவர் மேற்பார்வை இல்லாமல் பெண்கள் 1200க்கும் ஆண்கள் 1500க்கும் கீழே போகக் கூடாது என்பார்கள். 800இல் முடித்த நண்பரிடம் இதைச் சொன்னேன். அன்று கடையில் தலை சுற்றி உட்கார்ந்ததை அப்புறம்தான் ஒப்புக்கொண்டார். கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் இந்தக் கணக்கைத் தாங்களே போட்டுக்கொள்ள வேண்டாம்.

படி தெரிந்த பிறகு எங்கே கை வைப்பது? மதினி முதலில் குறைத்தது மீனை. எனக்குச் சிரிப்பு வந்தது. சாளை 100 கிராமில் 20 கிராம் அளவுக்குப் புரதம் இருக்கிறது, வயிறும் நிற்கும். கலோரியை ஏற்றியது அதைப் பொரித்த எண்ணெய்தான். ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி. 100 கிராம் சோறே 130தான். பொரிப்பதைக் குழம்பாக்கி, தேங்காய் அரைப்பதைப் பாதியாக்கியதும் சோற்றில் ஒரு கரண்டிதான் குறைக்க வேண்டியிருந்தது.

இப்போது ராத்திரி ஒன்பது மணி அழைப்பு வருவதில்லை. ஒருநாள் 1250, ஒருநாள் 1550, வாரத்தில் சராசரி பார்த்துக்கொள்கிறார். 62 கிலோவுக்கு வந்தால் அதே சூத்திரத்தில் எடை நிற்கும் படி 80 கலோரி போல இறங்கிவிடும். அன்றைக்கு மறுபடி அளக்க வேண்டும்.