சுப்பீரியர் ஏரிக்கு நஞ்சு வந்த வழியும் போன வழியும்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரிக்குள் ஐல் ராயல் என்றொரு தீவு இருக்கிறது. அங்கே ஆலையும் இல்லை, வயலும் இல்லை. அந்தத் தீவுக்குள்ளும் சிஸ்கிவிட் என்று ஓர் ஏரி. அதன் நீர்மட்டம் சுப்பீரியரைவிட உயரம் என்பதால் கீழிருக்கும் தண்ணீர் அதற்குள் ஏற வழியில்லை. ஆனாலும் அதன் மீன்களில் பிசிபி என்ற செயற்கை நச்சு வேதிப்பொருள் இருந்தது. அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பருத்திக்கு அடித்த டாக்ஸஃபீன் பூச்சிமருந்தும் இருந்தது. எல்லாம் காற்றில் வந்த சரக்கு.

டிரான்ஸ்ஃபார்மர் எண்ணெயில் கலந்திருந்த பிசிபி போன்றவை மெல்ல மெல்ல ஆவியாகும். வெயிலில் எழும்பி, குளிர் கண்ட இடத்தில் இறங்கும். மழையோடும் தூசியோடும் விழும். வாயுவாக வந்து நேராக நீரில் கரைவதும் உண்டு. ஆனால் தண்ணீரோடு இவை அவ்வளவாக ஒட்டாது. கொழுப்பும் பாசித்துணுக்கும் கிடைத்தால் விடாது. மீனின் கொழுப்பில் பல லட்சம் மடங்கு சேர்வது அதனால்தான்.

சரி, துணுக்கோடு ஒட்டியது அடியில் போய் அடங்கிவிடுமா? சுப்பீரியரின் சராசரி ஆழம் 147 மீட்டர். இறங்கும் துணுக்கில் பெரும்பகுதியை வழியிலேயே நுண்ணுயிர்கள் தின்றுவிடுகின்றன. ஒட்டியிருந்த நஞ்சு மறுபடி நீருக்கே திரும்புகிறது. அடியைத் தொட்டதையும் நீரோட்டம் கிளப்பிவிடுகிறது. சேற்றுக்கு மேலே எப்போதும் கலங்கலாக ஒரு படலம் நிற்கும். புழுக்களும் இறால் இனத்துச் சிறு உயிர்களும் சேற்றை ஓயாமல் கிளறிக்கொண்டிருக்கும். நிரந்தரமாகப் புதைவது கொஞ்சம்தான்.

அப்படியிருந்தும் 1980இல் லிட்டருக்குச் சுமார் 2.4 நானோகிராமாக இருந்த பிசிபி, 1992இல் 0.18க்கு இறங்கியது. ஆறு கொண்டுபோயிருக்குமா? இந்த ஏரி நீர் ஒருமுறை முழுதாக மாறவே ஏறத்தாழ 190 ஆண்டுகள் ஆகும். நடந்தது வேறு. 1979இல் அமெரிக்கா பிசிபி தயாரிப்பைத் தடை செய்தது. காற்றில் அளவு குறைந்தது, ஏரியில் மிஞ்சியிருந்தது. உடனே போக்குவரத்து திசை மாறியது. ஒரு காலத்தில் காற்றிலிருந்து வாங்கியதை ஏரி காற்றுக்கே திருப்பிக் கொடுத்தது. இழப்பில் பெரும்பங்கு இப்படி ஆவியாகப் போனதுதான். ஏரிக்கு நல்லது, காற்று அடிக்கும் திசையில் இருப்பவர்களுக்கு அப்படியில்லை.

டாக்ஸஃபீனுக்கு இந்த வழி அவ்வளவு எளிதாகத் திறக்கவில்லை. குளிர்ந்த நீரை விட்டு அது சுலபத்தில் கிளம்பாது. சுப்பீரியரிலோ வண்டல் படிவதும் மிக மெதுவு. மேலேயும் போகாமல் கீழேயும் புதையாமல் அது நீரிலேயே தங்கியது. வட அமெரிக்காவின் பேரேரிகள் ஐந்தில் பருத்திக்காட்டிலிருந்து மிகவும் வடக்கே இருப்பது சுப்பீரியர்தான். 1990களில் டாக்ஸஃபீன் மிக அதிகமாக இருந்ததும் அதன் ட்ரவுட் மீன்களில்தான்.