நோட்டரி முத்திரை கிரையப் பத்திரம் ஆகாது

சென்ற மாதம் என் அலுவலகத்துக்கு வந்த ஓர் அம்மையார், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்திருந்த நான்கு தாள்களை எடுத்து மேசைமேல் வைத்தார். முதல் தாள் இருபது ரூபாய் முத்திரைத்தாள், மற்றவை வெள்ளைத்தாள்கள். விற்பவர், வாங்குபவர், நான்கெல்லை, தொகை என எல்லாம் முறையாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தன. ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊதா மையில் வட்ட முத்திரை பதிந்திருந்தது. சீட்டுப் பணத்தையும் நகை விற்ற பணத்தையும் சேர்த்துக் கொடுத்து வாங்கிய வீட்டுமனைக்கு அவரிடம் இருந்த ஒரே ஆவணம் அதுதான். பட்டா மாறுதலுக்கு வட்டாட்சியர் அலுவலகத்துக்குப் போனபோது இதை வைத்து எதுவும் செய்ய முடியாது என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். வில்லங்கச் சான்று எடுத்துப் பார்த்தால், அதே மனையை அதே நபர் நான்கு மாதங்களுக்கு முன்பு வேறொருவருக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் முறையாகக் கிரையம் செய்து கொடுத்திருக்கிறார்.

இத்தகைய தாள்களோடு வருகிறவர்கள் எல்லோரும் சொல்லும் விளக்கம் ஒன்றுதான்: நோட்டரி முன்னிலையில் எழுதியாயிற்று, ஆகவே அது சட்டப்படி செல்லும். இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, ஆனால் படித்தவர், படிக்காதவர் என்ற வேறுபாடின்றி எல்லோரிடமும் இருக்கிறது. நோட்டரி என்பவர் சொத்தைப் பதிவு செய்யும் அதிகாரி அல்லர். ஓர் ஆவணத்தில் எழுதியிருப்பது உண்மை என்றோ, அந்த ஒப்பந்தம் சட்டத்துக்கு உட்பட்டது என்றோ, விற்பவருக்கு அந்தச் சொத்தில் உரிமை இருக்கிறது என்றோ அவருடைய முத்திரை சொல்வதில்லை. இன்னார் இந்த நாளில் என் முன் நேரில் வந்தார், அவர் இன்னார்தான் என்று நான் அடையாளம் கண்டேன், என் கண்ணெதிரே கையொப்பமிட்டார் என்பதற்கு மட்டுமே அது சாட்சி. பொய்யை எழுதி, அதன் கீழ் நேரில் வந்து கையொப்பமிட்டால், பொய்யை எழுதியவர் இவர்தான் என்பது மட்டுமே உறுதியாகும், பொய் உண்மையாகிவிடாது.

நூறு ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள அசையாச் சொத்தின் விற்பனைக்குப் பதிவு கட்டாயம் என்பதை 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 17ஆம் பிரிவில் சொல்கிறது. பவர் பத்திரத்தையும் கிரைய உடன்படிக்கையையும் வைத்துக்கொண்டு சொத்தை வாங்கிவிட்டதாகக் கருதும் பழக்கத்துக்கு, உச்ச நீதிமன்றம் 2011இல் சூரஜ் லேம்ப் வழக்கில் தெளிவாக முற்றுப்புள்ளி வைத்தது. தமிழ்நாட்டில் 2012இல் கொண்டுவந்த திருத்தத்துக்குப் பிறகு கிரைய உடன்படிக்கையையும், அசையாச் சொத்து தொடர்பான பவர் பத்திரத்தையும்கூடப் பதிவு செய்தாக வேண்டும். இவ்வளவுக்குப் பிறகும், பதிவுச் செலவு மிச்சம் என்று யாரோ ஒரு தரகர் சொன்னதை நம்பி மக்கள் நோட்டரி அலுவலகங்களுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்தச் செலவை மிச்சப்படுத்தியவர்கள் பின்னர் முழுத் தொகையையும் இழந்து நிற்பதை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம்.

அந்த அம்மையாரின் தாள்களில் இன்னொரு குறையும் இருந்தது. முத்திரைக்குப் பக்கத்தில் வரிசை எண்ணுக்காக விட்டிருந்த இடம் காலியாக இருந்தது. அதாவது, அந்தச் செயலை நோட்டரி தம் பதிவேட்டில் ஏற்றவே இல்லை. விசாரித்ததில், முத்திரையிட்ட தேதிக்கு ஏறத்தாழ ஓராண்டுக்கு முன்பே அவருடைய தொழில் சான்றிதழ் காலாவதியாகி இருந்ததும் தெரியவந்தது. வாங்குபவரின் அறியாமையை ஓரளவு மன்னிக்கலாம்; இதை மன்னிக்க முடியாது. ஆகவே இனிச் சொல்லப்போவது நோட்டரி ஆக விரும்பும் இளம் வழக்கறிஞர்களுக்கும், ஆகிவிட்ட பிறகு அதை வெறும் ரப்பர் முத்திரை வருமானமாகக் கருதுகிறவர்களுக்கும்தான்.

நோட்டரிச் சட்டம் 1952இல் இயற்றப்பட்டது. விதிகள் 1956இல் வந்தன. மத்திய அரசும் மாநில அரசும் தனித்தனியே நோட்டரிகளை நியமிக்கின்றன. வழக்கறிஞராகக் குறைந்தது 10 ஆண்டுகள் தொழில் செய்திருக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற பிற்படுத்தப்பட்டோர், பெண்கள் ஆகியோருக்கு 7 ஆண்டுகள் போதும். விண்ணப்பத்தில் ஒரு நீதித்துறை நடுவர், தேசியமயமாக்கப்பட்ட வங்கி ஒன்றின் மேலாளர், ஒரு வணிகர், நீங்கள் தொழில் செய்ய விரும்பும் பகுதியில் நன்கறியப்பட்ட இருவர் ஆகியோரின் மேலொப்பம் வேண்டும் என்று விதிகள் சொல்வதைப் பல இளைஞர்கள் தேவையற்ற அலைச்சல் என்று சலித்துக்கொள்கிறார்கள். அந்த ஏற்பாட்டில் பொருள் இருக்கிறது. நாளை உங்கள் சொல்லை நம்பி வங்கியும் வணிகரும் நீதிமன்றமும் ஓர் ஆவணத்தை ஏற்கப் போகிறார்கள் என்பதால், அவர்களைப் போன்றவர்கள் உங்களை அறிந்திருக்கிறார்களா என்று அரசு முன்கூட்டியே கேட்கிறது.

நியமனம் கிடைத்துவிட்டால் வாழ்நாள் முழுவதற்கும் முடிந்தது என்று நினைப்பதுதான் அடுத்த பிழை. தொழில் சான்றிதழ் 5 ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும். 1999ஆம் ஆண்டுத் திருத்தத்துக்கு முன்பு அது 3 ஆண்டுகளாக இருந்தது. காலம் முடிவதற்கு 6 மாதங்களுக்கு முன்பே புதுப்பித்தலுக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிட வேண்டும். விண்ணப்பம் கொடுத்தாயிற்று, எப்படியும் புதுப்பித்துத் தந்துவிடுவார்கள் என்ற தைரியத்தில் காலாவதியான பிறகும் முத்திரையிடுகிறவர்கள் சட்டத்தின் 9ஆம் பிரிவை ஒருமுறை படித்துப் பார்க்கட்டும். நடப்பிலுள்ள சான்றிதழ் இல்லாமல் எவரும் நோட்டரியாகத் தொழில் செய்யக் கூடாது என்பதே அதன் உள்ளடக்கம். மீறினால் 12ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். அந்த இடைவெளியில் உங்களை நம்பிப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்த கட்சிக்காரரின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பதிவேட்டைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு செயலையும் அன்றன்றைக்கே வரிசை எண், தேதி, கையொப்பமிட்டவரின் பெயர், முழு முகவரி, ஆவணத்தின் தன்மை, பெற்ற கட்டணம் ஆகியவற்றோடு எழுதி, வந்தவரின் கையொப்பத்தையும் அதில் வாங்க வேண்டும். ஐந்தாறு ஆண்டுகள் கழித்து, இந்தக் கையொப்பம் என்னுடையதே அல்ல என்று ஒருவர் நீதிமன்றத்தில் மறுக்கும்போது, சாட்சிக்கூண்டில் நிற்கும் நோட்டரியைக் காப்பாற்ற அந்த ஒரு வரியைத் தவிர வேறொன்றும் இருக்காது. மாலையில் குமாஸ்தா மொத்தமாக எழுதிக்கொள்வார் என்று விட்டுவைப்பதும், ஜெராக்ஸ் கடைக்காரரிடம் முத்திரையைக் கொடுத்து வைப்பதும், வெற்றுத்தாளில் முன்கூட்டியே முத்திரையிட்டு அடுக்கி வைப்பதும் சோம்பல் என்ற கணக்கில் சேராது. அவை தொழில்முறைத் தவறுகள். புகார் வந்தால் விசாரணை நடக்கும், குற்றம் மெய்ப்பட்டால் அரசின் நோட்டரிப் பதிவேட்டிலிருந்து பெயரே நீக்கப்படலாம். மாவட்ட நீதிபதி உங்கள் பதிவேட்டைப் பார்வையிடலாம் என்பதையும், முந்தைய ஆண்டில் செய்த செயல்களின் அறிக்கையை ஒவ்வோர் ஜனவரி முதல் வாரத்திலும் அரசுக்கு அனுப்ப வேண்டும் என்பதையும் பலர் மறந்தே போய்விட்டார்கள். கட்டண விவரத்தை அலுவலகத்தின் உள்ளேயும் வெளியேயும் தெரியும்படி மாட்டி வைக்க வேண்டும், ரசீது கொடுக்க வேண்டும். இவை புதிய விதிகள் அல்ல.

ஆள் வராமல் கையொப்பம் மட்டும் வருவது அன்றாடத் தொல்லை. அப்பா நடக்க முடியாமல் இருக்கிறார், அண்ணன் குவைத்தில் இருக்கிறார், வீட்டிலேயே கையொப்பம் வாங்கிவிட்டோம், நீங்கள் முத்திரை மட்டும் வையுங்கள் என்கிறார்கள். மறுத்தால் கோபித்துக்கொண்டு அடுத்த அலுவலகத்துக்குப் போகிறார்கள். அங்கே வேலை முடிந்துவிடுகிறது என்பதே என் வருத்தம். நடக்க இயலாதவரின் வீட்டுக்கு, நோட்டரி தம் எல்லைக்குள் நேரில் சென்று கையொப்பம் வாங்கலாம். குவைத்தில் இருப்பவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் அதிகாரியின் முன் பவர் பத்திரத்தில் கையொப்பமிட்டு அனுப்பலாம். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் இங்கே முத்திரைத் தீர்வை செலுத்தினால் போதும். நேர்வழி இவ்வளவு எளிதாக இருக்கும்போது குறுக்குவழி எதற்கு? நோட்டரி முன் எழுதிய பவர் பத்திரத்தை முறைப்படி எழுதியதாகவே நீதிமன்றம் முதலில் அனுமானித்துக்கொள்ளும் என்று சாட்சியச் சட்டம் கொடுத்திருக்கும் மதிப்பு, நாங்கள் ஆளைப் பார்த்துத்தான் முத்திரையிடுகிறோம் என்ற நம்பிக்கையால் கிடைத்தது.

திருமணத்தையும் விவாகரத்தையும் நோட்டரி முன் எழுதி முடித்துவிட்டதாகச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. நோட்டரி திருமண அலுவலர் அல்லர். திருமண, விவாகரத்துப் பிரமாணப் பத்திரங்களில் முத்திரையிட அவருக்கு அதிகாரம் இல்லை என்று மத்திய சட்ட விவகாரத் துறை 2024 அக்டோபரில் குறிப்பாணையே வெளியிட்டது. நோட்டரி தாளை நம்பி மறுமணம் செய்துகொள்ளாதீர்கள். உயிலுக்கும் அப்படியே: இரண்டு சாட்சிகளின் கையொப்பம் இல்லாத உயிலை நோட்டரி முத்திரை காப்பாற்றாது.

நோட்டரியிடம் போகும்போது அடையாள அட்டையின் அசலை எடுத்துச் செல்லுங்கள். முத்திரையில் அவருடைய பெயர், அவர் நியமிக்கப்பட்ட பகுதி, நியமித்த அரசு ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். சான்றிதழ் எந்தத் தேதி வரை செல்லும் என்று தயங்காமல் கேளுங்கள். ஒழுங்காகத் தொழில் செய்கிறவர் அதற்காக முகம் சுளிக்க மாட்டார். பதிவேட்டில் உங்கள் கையொப்பத்தை வாங்காமல் தாளை நீட்டினால் வாங்கிக்கொள்ளாதீர்கள்.

அந்த அம்மையாரைப் போல ஏற்கெனவே இத்தகைய தாளை வைத்திருப்பவர்கள் அதைப் பீரோவில் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்க வேண்டாம். உடனே வில்லங்கச் சான்று எடுங்கள். சொத்து இன்னும் விற்றவர் பெயரிலேயே இருந்தால் அவரை அழைத்துப் போய்ப் பதிவை முடித்துவிடுங்கள். அவர் மறுத்தால், உடன்படிக்கையை நிறைவேற்றித் தரக் கேட்டு உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். பதிவு செய்யாத கிரைய உடன்படிக்கையை அத்தகைய வழக்கில் சான்றாக ஏற்கலாம் என்று, தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2023இல் சொல்லியிருக்கிறது. ஆனால் அதற்குக் காலவரம்பு 3 ஆண்டுகள்தான்: உடன்படிக்கையில் நாள் குறித்திருந்தால் அந்த நாளிலிருந்து, இல்லையென்றால் விற்றவர் மறுத்தது உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து. நேர்மையாகப் பணம் கொடுத்து, உங்கள் உடன்படிக்கையைப் பற்றி எதுவும் அறியாமல் வேறொருவர் பதிவு செய்து வாங்கிவிட்டால், மனை உங்களுக்குத் திரும்புவது அரிது. கொடுத்த பணத்தைக் கேட்டுத்தான் வழக்காட முடியும். ஆகவே, இந்த வாரமே அந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்.