நாய்ப் பல்லில் காரை: மூன்று நாளுக்குள் நடப்பது என்ன?

நாயின் மேலுதட்டைக் கன்னப் பக்கமாக விரலால் தூக்கிப் பாருங்கள். வாயைத் திறக்க வேண்டியதில்லை. முன்னால் கோரைப்பல், அதன் பின்னால் சிறு பற்கள் மூன்று, அடுத்து அகலமாக ஒரு பெரிய பல் தெரியும். மேல்தாடையின் நாலாம் முன்கடைவாய்ப்பல் அது. கறியை நறுக்கும் வேலை அதனுடையது. காரை, அதாவது பல்மேல் படிந்து கல்லாக இறுகும் படிவு, முதலில் பிடிப்பதும் பெரும்பாலும் அங்கேதான். ஈறோரம் மஞ்சளாகவோ காவியாகவோ கோடு விழுந்திருந்தால் காரை ஏறத் தொடங்கிவிட்டது.

காதுக்குக் கீழே உள்ள உமிழ்நீர்ச் சுரப்பியின் குழாய் கன்னத்தின் உட்புறம் வந்து, அந்தப் பல்லுக்கு நேர் எதிரே திறக்கிறது. தண்ணீர்க் குழாய்க்கு எதிரே உள்ள சுவரில் உப்பு பூப்பது போல, உமிழ்நீரிலுள்ள கால்சியமும் பாஸ்பேட்டும் அந்தப் பல்மேல் படிகின்றன. நாயின் உமிழ்நீரில் காரத்தன்மை அதிகம். பிஎச் அளவு சுமார் 7.5 முதல் 8.5 வரை. அதனால் நாய்களுக்குச் சொத்தைப்பல் அபூர்வம், காரை சர்வசாதாரணம். கடலோரத்து உப்புத் தண்ணீர்தான் காரணம் என்று தண்ணீரை மாற்றிப் பார்ப்பதில் பயனில்லை.

பல்லைத் துலக்கிய சில நிமிடங்களிலேயே உமிழ்நீர்ப் புரதம் அதன்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. சில மணி நேரத்தில் பாக்டீரியா அதில் ஒட்டி, ஒரு நாளுக்குள் வழவழப்பான படலமாகிவிடும். அந்த நிலையில் துணியால் துடைத்தாலே வந்துவிடும். விட்டால் இரண்டு மூன்று நாளில் தாது ஏறிக் கல்லாக இறுகத் தொடங்கும். பிறகு எந்தப் பிரஷ்ஷுக்கும் அது அசையாது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் துலக்கினால் பலன் இல்லாமல் போவது இதனால்தான். தினமும் துலக்க வேண்டும். முடியாதவர்கள் ஒருநாள் விட்டு ஒருநாளாவது.

காரையைவிட மோசமானது ஈறுக்கு அடியில் இறங்கும் பாக்டீரியா. நாய்க்கு ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளம் 3 மில்லிமீட்டருக்குள், பூனைக்கு 1 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அதற்கு மேல் ஆழமானால் பல்லைப் பிடித்திருக்கும் நாரும் எலும்பும் கரைகின்றன என்று அர்த்தம். ஈறு சிவந்திருக்கும் கட்டத்தில் சரிசெய்துவிடலாம். கரைந்த எலும்பு தானாகத் திரும்புவதில்லை. மேலே சொன்ன பெரிய பல்லுக்கு மூன்று வேர்கள். வேர் நுனியில் சீழ் கட்டினால் வீக்கம் வாயில் தெரியாது, கண்ணுக்குக் கீழே தெரியும். பூச்சி கடித்துவிட்டது என்று களிம்பு தடவிக்கொண்டிருப்பார்கள். மாத்திரையில் வற்றும், நிறுத்தினால் மறுபடி வரும். பல்லுக்கு வைத்தியம் பார்க்கும்வரை இது தீராது.

துலக்கப் பழக்க இரண்டு மூன்று வாரம் ஒதுக்குங்கள். முதல் வாரம் விரலில் சுத்தமான துணியைச் சுற்றி, உப்பும் வெங்காயமும் பூண்டும் சேராத கோழி வேகவைத்த தண்ணீரில் நனைத்து, பல்லின் வெளிப்பக்கத்தை மட்டும் தேயுங்கள். பழகியதும் குழந்தைகளுக்கான மென்மையான பிரஷ்ஷுக்கு மாறலாம். நாய்க்கென்று விற்கும் பேஸ்ட், சிறிய நாய்க்கு அரிசி அளவு, பெரிய நாய்க்குப் பட்டாணி அளவு போதும். பிரஷ்ஷை ஈறோரம் 45 டிகிரி சாய்த்து, சிறு வட்டமாக, ஒரு பக்கத்துக்கு அரை நிமிடம். உள்பக்கத்தைப் பெருமளவு நாக்கே பார்த்துக்கொள்ளும். பலரும் கைக்கு எட்டும் முன்பற்களைத் துலக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். பின்னாலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். இரவுச் சாப்பாட்டுக்குச் சற்று முன் செய்தால், முடிந்ததும் சோறு என்று நாயே காத்திருக்கும். முதல் சில நாள் லேசாக ரத்தம் கசியலாம். இரண்டு வாரத்துக்குப் பிறகும் கசிந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். தொட்டாலே வலியில் முகத்தைத் திருப்பும் நாய்க்குத் துலக்கத் தொடங்காதீர்கள், முதலில் சிகிச்சை.

நம் பேஸ்ட் வேண்டவே வேண்டாம். நாய் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாயின் ரத்தச் சர்க்கரையைத் திடீரென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும். கரித்தூளும் பல்பொடியும் கூடாது. நாயின் எனாமல் நம்முடையதைவிட மெல்லியது, கீறல் விழும். கீறிய இடத்தில் காரை இன்னும் சீக்கிரம் பிடிக்கும்.

பொறையோ மொறுமொறு பிஸ்கட்டோ பல்லைச் சுத்தம் செய்யும் என்பது தப்பான நம்பிக்கை. பல் நுனி பட்டதும் அவை நொறுங்கிவிடுகின்றன, ஈறோரத்தைத் தொடுவதே இல்லை. மாட்டெலும்பும் குளம்பும் கடினம் அதிகம். அந்தப் பெரிய பல்லே பக்கவாட்டில் சில்லாகப் பிளந்துவிடும். கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள். கொட்டாங்கச்சியும் இதில் சேரும்.

கடலூர் முதுநகரிலும் தேங்காய்த்திட்டிலும் மீன் துறைமுகத்தை ஒட்டி வளரும் நாய்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. மீன் முள்ளோ எலும்புத் துண்டோ மேலண்ணத்தில் குறுக்கே, இரு பக்கப் பற்களுக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். நாய் முன்காலால் வாயைப் பிறாண்டும், எச்சில் ஒழுகும், வாய் மூடாது. உடனே வாய்க்குள் கையை விடாதீர்கள். வெறிநோயிலும் எச்சில் ஒழுகி, தாடை தொங்கும். தடுப்பூசி விவரம் தெரியாத நாய் என்றால் கிட்டே போகாமல் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இறுகிய காரையை எடுக்க மயக்க மருந்து தேவை. அல்ட்ராசோனிக் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்யும்; அந்தத் தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமலிருக்க மூச்சுக்குழாயில் டியூப் போட வேண்டும். விழித்திருக்கும் நாயின் பல்லைச் சுரண்டினால் மேலே வெள்ளையாகும், ஈறுக்கு அடியில் நோய் அப்படியே இருக்கும். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போனாலும் தனியார் கிளினிக்குக்குப் போனாலும் முன்கூட்டியே கேட்க வேண்டியவை: டியூப் போடுவார்களா, ஈறுக்கு அடியில் அளந்து சுத்தம் செய்வார்களா, கடைசியில் பாலிஷ் உண்டா, பல் எக்ஸ்ரே எடுக்க முடியுமா. பாலிஷ் போடாமல் விட்டால் கருவி உண்டாக்கிய நுண்கீறல்களில் படலம் வேகமாகப் பிடித்துவிடும்.

நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. ஏழு மாதத்துக்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடும். பொமரேனியன், பக் போன்ற சிறு நாய்களில் பால் கோரைப்பல் விழாமல் புதுப் பல்லோடு ஒட்டி நிற்பதுண்டு. இடுக்கில் உணவு தங்கி ஈறு கெடும் என்பதால், ஏழு மாதத்துக்குப் பிறகும் இரண்டும் சேர்ந்திருந்தால் பால்பல்லைப் பிடுங்கச் சொல்லிக் கேளுங்கள்.